குதிகாலில் சரிந்த நூல்

வீட்டில் அவளை நூல்கண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். துணி சம்பந்தமான வேலை என்று மட்டும் தெரிந்த அக்கம்பக்கத்தார் பொத்தான் பிய்ந்த சட்டையைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். அவளும் பேசாமல் தைத்துக் கொடுத்துவிடுவாள். கார்பன் நூலால் நெய்த துணியைப் பிசினில் நனைத்து, அச்சில் அழுத்திச் சூடேற்றினால் இரும்பு மாதிரி இறுகிவிடும். அது எவ்வளவு பாரம் தாங்கும் என்று கம்ப்யூட்டரில் நூல் நூலாக வரைந்து கணக்கிடுவதுதான் தன் வேலை என்று யாரிடம் போய் விளக்குவது?

அவளுடைய கம்பெனி செயற்கைப் பாதங்கள் செய்தது. புது மாதிரிப் பாதத்தை முதலில் மாட்டிக்கொண்டவர்களில் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர். "மச்சினி கணக்குப் போட்ட கால்" என்று பார்ப்பவரிடமெல்லாம் பேண்ட்டைத் தூக்கிக் காட்டுவார். லட்சக்கணக்கான தடவை மிதித்துப் பார்க்கும் நீண்ட சோதனை அப்போது முடிந்திருக்கவில்லை. வருஷக்கணக்கில் தாங்கும் என்று அவள் கணக்கு சொன்னதை நம்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஒருநாள் காலை சோதனை அறையில் கதவை அறைந்தது போல ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தாள். இயந்திரத்தில் மாட்டியிருந்த பாதம் குதிகாலில் ஏடு ஏடாகப் பிரிந்து கிடந்தது. திரையில் அவள் வரைந்த நெடுக்குப் பாவும் குறுக்கு ஊடையும் கட்டம் கட்டமாக நேராக இருந்தன. உடைந்த குதிகாலிலோ, அச்சின் வளைவுக்குள் துணி சரிந்து, நூல்கள் மூடிய கத்தரிக்கோல் மாதிரி ஒருபக்கமாக நெருங்கியிருந்தன. அந்த இடத்தில் சரிவு சொற்பம்தானே என்று கணக்கில் சேர்க்காமல் விட்டிருந்தாள்.

அக்காவுக்குப் போன் போட்டாள். மாமா தண்ணீர்க் கேனைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார் என்றாள் அக்கா.

"அங்கயே உட்காரச் சொல்லு. படியிலயே. ஒரு அடிகூட எடுத்து வைக்க வேண்டாம்."

அவள் போய்ச் சேர்ந்தபோது நடுப்படியில், கேனை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். ஷூவைக் கழற்றிப் பார்த்தாள். குதிகாலில் வெள்ளையாக, விரல் நீளத்துக்கு ஒரு விரிசல்.

"கொஞ்ச நாளாவே டிக் டிக்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு" என்றார்.

"ஏன் மாமா சொல்லல?"

"நீ செஞ்சதாச்சே. குறை சொன்னா உன் வேலைக்கு எதாவது ஆயிடுமோன்னு…"

பாதம் உடைந்ததைவிட இதுதான் அவளை அதிகம் உலுக்கியது. கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்தே மேலாளருக்குப் போன் செய்தாள். கொடுத்த பாதங்களையெல்லாம் அன்றைக்கே திரும்ப வாங்கினார்கள்.

அடுத்த கணக்கில், துணி அச்சுக்குள் எப்படி மடங்குகிறது, எந்த நூல் எவ்வளவு சரிகிறது என்பதையெல்லாம் சேர்த்தாள். திரையில் பாதம் அதே இடத்தில், அதே மாதிரி பிரிந்தது. கணக்கு சரியாக வந்துவிட்டது.

குதிகாலில் துணியை வேறு கோணத்தில் அடுக்கிச் செய்த புதுப் பாதம் சோதனை முழுவதையும் தாங்கியது. அதற்குப் பிறகே மாமாவுக்குக் கொடுத்தார்கள். அவர் பழையபடி ஊரெல்லாம் காட்டிக்கொண்டு திரிகிறார். அவர் படி ஏறும்போது மட்டும் அவளால் பார்த்துக்கொண்டு நிற்க முடிவதில்லை.