கருகிய பெயின்ட்

அறுபதுகளில் பந்தயம் ஓடிய அமெரிக்கக் கார் அது. இஞ்சினுக்கு மூடியே கிடையாது. வாங்கிய ஞாயிற்றுக்கிழமை, தோர்ண்டன் ஹீத் வீட்டு வாசலில் சில்லுகளுக்கு அடியில் தேசிக்காய் வைத்துக் கற்பூரம் கொளுத்தினேன். காரை நகர்த்த மகள் உள்ளே காத்திருந்தாள். பழைய பந்தய பெல்ட்டை நான்தான் இறுக்கிக் கட்டிவிட்டிருந்தேன்.

“இஞ்சேருங்கோ, பெற்றோல் மணக்குது. கிட்டக் கொண்டு போகாதேங்கோ,” என்றார் மனைவி.

“ஒண்டும் நடக்காது, நீர் பேசாமல் இரும்,” என்றபடி கற்பூரத் தட்டை இஞ்சினுக்கு மேல் சுற்றினேன்.

குப்பென்று தீ எழுந்தது.

“அப்பா, பெல்ட்டைக் கழட்ட ஏலாமக் கிடக்கு!” என்று மகள் அலறினாள். நான் தட்டோடு நின்ற இடத்திலேயே நின்றேன்.

கார்ச் சத்தத்துக்காகக் காலையில்தான் என்னோடு சண்டை பிடித்த எதிர்வீட்டு வெள்ளைக்காரர், செடி வெட்டும் கத்தரியோடு ஓடிவந்தார். பெல்ட்டை வெட்டி மகளை வெளியே இழுத்தார். பிறகு தன் கோட்டைக் கழற்றி எறிந்து தீயை அமுக்கினார்.

அடுத்த கோடையில் ஒரு கார்க் கண்காட்சிக்கு அவரையும் கூட்டிப் போனேன். கருகிய பெயின்டைக் காட்டி ஒருவர் விசாரித்தார். “பழைய பந்தயத்தில் பட்டது,” என்றேன் பெருமையாக. பக்கத்தில் நின்ற எதிர்வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். ஆனால் காட்டிக்கொடுக்கவில்லை.

மகளின் உயிரைக் காத்தவர், அன்று என் மானத்தையும் காத்தார். உண்மையை நான்தான் சொல்ல வேண்டும். இதோ, சொல்லிவிட்டேன்.