நூல் மட்டும் மிஞ்சிய சட்டை

என் அண்ணியைத் தெருவில் எல்லோரும் ஊசியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் பேச்சுக்கும் அந்தப் பெயர் பொருந்தும். முன்னறை ஜன்னலை ஒட்டித் தையல் மெஷின் இருக்கும். அதன்மேல் குனிந்தபடியே, வாசலில் நுழைகிறவரின் தோளைக் கண்ணாலேயே அளந்துவிடுவாள். "போன தடவைக்கு இப்போ ஒரு சுற்று பெருத்துட்டீங்க, பழைய அளவு சரிப்படாது" என்று முகத்துக்கு நேரே சொல்லுவாள். வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் பேசமாட்டாள். அந்த நேரம்தான் தனக்கு நிம்மதி என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருப்பான்.

அண்ணன் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கினான். எப்போதும் வலது தோள்தான். எந்தச் சட்டை போட்டாலும் அந்த இடத்தில்தான் முதலில் கிழியும். அதனால் அண்ணி அவனுடைய சட்டைகளில் வலது தோளுக்கு உள்ளே இன்னொரு துணி வைத்து, தையல்மேல் தையலாக ஓட்டியிருப்பாள். வேலை முடிந்து கொல்லைப்பக்கமாக வருவான். பின்கதவுக்கு வெளியே நின்று, தோளில் இரண்டு தட்டுத் தட்டித் தூசியை உதறிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பான். பட், பட். அந்தச் சத்தம் கேட்டதும் அண்ணி அடுப்பைப் பற்றவைப்பாள்.

ஒரு மத்தியானம் மூட்டையோடு சரிந்தவன் அப்புறம் எழுந்திருக்கவில்லை.

வீட்டில் தங்கை நானும் அண்ணியும் மட்டும்தான் மிச்சம். எனக்குப் பள்ளிக்கூட ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. குடுவைகளைக் கழுவுவேன், உடைத்தவர்களைத் திட்டுவேன். இந்த வேலைக்காக அண்ணன் எனக்கு விஞ்ஞானி என்று பட்டம் கட்டியிருந்தான்.

ஆம்பளை இல்லாத வீடு என்று வெளியே தெரியக் கூடாதாம். அதற்காக அண்ணனுடைய வெள்ளைச் சட்டை ஒன்றை அண்ணி அடிக்கடி துவைத்துக் கொல்லைக் கொடியில் காயப்போட ஆரம்பித்தாள். யாரும் போடாத, அழுக்கே ஆகாத சட்டை. யோசனை நன்றாகத்தான் இருந்தது, நான்கூட மெச்சினேன். பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரி மதிலுக்கு மேலே எட்டிப்பார்த்து, "நேத்து சாயங்காலம் உங்க கொல்லையில யாரோ நின்னாங்களே" என்றாள். அன்றிலிருந்து அண்ணி பின்கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதை விட்டுவிட்டாள்.

"திருடன் வருவான் அண்ணி."

"உங்க அண்ணன் வருவாருல்ல. கதவு சாத்தியிருந்தா எப்படி உள்ள வருவாரு?"

பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டே, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

பொழுது சாய்ந்தால் மெஷினை நிறுத்திவிட்டுப் பின்கதவருகே போய் உட்கார்ந்துவிடுவாள். தைக்க வந்த துணிகள் அறை மூலையில் குவிந்துகொண்டே போயின.

"கேக்குதா? தட்டுறாரு பாரு."

"கொடியில ஈரச்சட்டை காத்துல அடிக்குது அண்ணி. துணி அப்படித்தான் சத்தம் போடும்."

"காத்து ரெண்டே தட்டோட நிறுத்திக்குமா?"

எனக்கு எரிச்சல்தான் வந்தது. அண்ணன் போய்விட்டான், இவளும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம். அந்தப் பயத்தை எரிச்சலாக மாற்றிவைத்திருந்தேன் என்பதுதான் சரி.

பள்ளியில் மண்ணைச் சோதிக்க ஒரு சுலபமான வழி சொல்லிக்கொடுப்பார்கள். பருத்தித் துணியைப் புதைத்துவைத்து, சில வாரம் கழித்துத் தோண்டிப் பார்க்க வேண்டும். மண்ணில் உயிர் இருந்தால், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் துணியைத் தின்று தீர்த்திருக்கும்.

"அண்ணி, பந்தயம் கட்டுவோமா? அந்தச் சட்டையைப் புதைப்போம். யாரும் போடாத புதுத்துணி ஒண்ணையும் பக்கத்துல புதைப்போம். ரெண்டும் ஒரே மாதிரி மக்கிப்போச்சுன்னா, அது வெறும் துணிதான். கதவைத் தாழ் போட்டுடணும்."

"மக்கலேன்னா?"

"கதவு திறந்தே கிடக்கட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன்."

அண்ணி தானே போய் அதே ரகத்தில் புதுத்துணி வெட்டிக்கொண்டு வந்தாள். சட்டையை இஸ்திரி போட்டாள். கொல்லையில் துவைக்கும் கல்லுக்கு இரண்டு பக்கமும் ஒரே ஆழத்தில் குழி வெட்டி வைத்திருந்தேன். சட்டையைக் குழிக்குள் விரித்தவள், கழுத்துப் பொத்தானை மட்டும் கழற்றிவிட்டாள். "அதைப் போட்டா அவருக்கு மூச்சு முட்டும்" என்றாள். நான் மண்ணைத் தள்ளினேன்.

மழை பெய்தது, வெயிலும் அடித்தது. அண்ணி அவ்வப்போது புதுத்துணிக் குழிக்கு மட்டும் தண்ணீர் ஊற்றப் போவாள். "ஊத்தினா ரெண்டுக்கும் ஊத்துங்க, இல்லேன்னா கணக்குல சேராது" என்று விரட்டுவேன். கொடியில் இப்போது சட்டை இல்லை. கதவு மட்டும் திறந்தே கிடந்தது.

வெயில் நன்றாக அடித்த ஒருநாள் தோண்டினோம். புதுத்துணி போன இடம் தெரியவில்லை. கையில் அகப்பட்ட ஒன்றிரண்டு கந்தலும் தொட்டதும் உதிர்ந்தன. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அடுத்த குழியில் முதலில் ஒரு பொத்தான் தெரிந்தது. பிடித்து இழுத்தேன். முழுதாக வந்தது.

துணி இல்லை. ஆனால் கழுத்தின் ஓரம், கைகளின் வளைவு, பக்கவாட்டுத் தையல், மணிக்கட்டுப் பட்டி எல்லாம் ஒன்றோடொன்று பிடித்துக்கொண்டு, வெறும் கோடுகளாக ஒரு சட்டை. வலது தோளில் மட்டும் கெட்டியான நூல் வலை. அதைக் கல்லின்மேல் போட்டுவிட்டேன்.

காரணம் உடனே புரிந்தது. துணி பருத்தி, தைத்தது பாலியஸ்டர் நூல். மண் அதைத் தின்னாது. புதுத்துணியில் ஒரு தையல்கூட இல்லையே. ஒப்பிட வைக்கிற துணியிலும் அதே தையலை ஓட்டியிருக்க வேண்டும் என்று ஆய்வகத்திலேயே கிடக்கிற எனக்கும் தோன்றவில்லை, வாழ்நாள் முழுக்கத் தைக்கிற அவளுக்கும் தோன்றவில்லை.

"அண்ணி, பயப்படாதீங்க. இது வெறும் நூல்."

அவள் பயப்படவில்லை. குழாயடியில் அலசி, வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அதன் வழியாக அவள் முகம் தெரிந்தது. தோள் தையலை விரலால் தடவினாள்.

"இதுல அவரு எங்க இருக்காரு? எல்லாம் என் தையல்" என்றாள். "அவரு அன்னிக்கே போயிட்டாரு. நான்தான் பிடிச்சு வச்சிருந்திருக்கேன்" என்றவள், துவைக்கும் கல்லிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

நான் அழவில்லை. என் பக்கம்தானே ஜெயித்திருந்தது.

அன்று மத்தியானமே அண்ணி உட்கார்ந்து தையலைப் பிரித்தாள். தோளைப் பிரிக்கத்தான் நேரம் பிடித்தது. பொத்தான்களைப் பொத்தான் டப்பாவில் போட்டாள். பிறகு போய்ப் பின்கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் துருப்பிடித்து நகர மறுத்தது. மெஷின் எண்ணெயைச் சொட்டுவிட்டு நகர்த்தினாள். திரும்பி வந்து, குவிந்து கிடந்த துணிகளில் ஒன்றை எடுத்து மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள். வீட்டில் அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

நான் நகத்தில் இருந்த மண்ணைச் சுரண்டிக்கொண்டு பின்கதவருகே உட்கார்ந்திருந்தேன். வெளியே பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பின்பக்க ஜன்னல் வழியே கொடி தெரிந்தது, அதில் ஒன்றுமில்லை. ஒரு இலைகூட ஆடவில்லை. நூல் மாற்றுவதற்காக அண்ணி மெஷினை நிறுத்தினாள்.

பட், பட்.

"அண்ணி, கேட்டுச்சா?"

வாயில் குண்டூசிகளோடு அவள் என்னைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு மறுபடியும் மிதிக்கத் தொடங்கினாள்.

எனக்கும் அவன் அண்ணன்தானே. இதை நான் அதுவரை யாரிடமும் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. எழுந்து போய்த் தாழ்ப்பாளை நீக்கினேன். எண்ணெய் போட்டிருந்ததால் சத்தமே வரவில்லை.