எங்கள் பங்குக்கு வந்த மூக்குப் பாதி

எங்கள் வீட்டு விமானம் எங்களிடம் வந்த பிறகு ஒரு நாளும் பறக்கவில்லை. வந்ததே தோணியில்தான். வெள்ளைக்காரனின் சண்டை முடிந்து, புத்தளத்துப் பக்கம் இருந்த விமானக் கேம்ப்பைக் கலைத்துச் சாமான்களை ஏலம் போட்ட காலம் அது. எங்கள் கண்டக்குழிப் பக்கத்து ஆட்களெல்லாம் களப்பைத் தோணியில் கடந்து போய் ஆளுக்கொன்று வாங்கி வந்தார்கள். ஒருவர் தகரம் வாங்கினார், ஒருவர் கூடாரத் துணி வாங்கினார், ஒருவர் துரை உட்கார்ந்த கதிரை என்று சொல்லி ஒரு முடக் கதிரையை வாங்கினார். என் வாப்பாவும் அவருடைய மூத்தவரான, அவர் நானா என்று கூப்பிடுகிற பெரிய வாப்பாவும் சேர்ந்து விமானம் வாங்கினார்கள்.

அது சண்டை போட்ட விமானமல்ல. சண்டைக்குப் போகிற பொடியன்மாருக்குப் பறக்கப் பழக்கிய விமானம். மேலே ஒரு சோடிச் சிறகு, கீழே ஒரு சோடிச் சிறகு, பலகையால் உடம்பு, சிறகுக்குத் துணிப் போர்வை. அதன் சரித்திரத்தை வளர்ந்த பிறகு அங்கும் இங்கும் வாசித்துத்தான் அறிந்தேன். சீமையில் வசதியான ஆட்கள் பொழுதுபோக்குக்குப் பறப்பதற்கென்று செய்த இனமாம். அந்துப்பூச்சியின் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். பாரம் குறைவு, மெதுவாக இறங்கும், ஓட்டுகிறவன் சின்னப் பிழை விட்டால் பொறுத்துக்கொள்ளும் என்பதால் பட்டாளத்துக்காரர்கள் அதைப் பழக்குவதற்கு எடுத்துக்கொண்டார்களாம். வேகமான விமானங்கள் வந்ததும் அதன் மவுசு குறைந்தது. கேம்ப்புக்குக் கேம்ப் துரைமாரைச் சுமக்கிற கிழட்டு மாடாகி, கடைசியில் எங்கள் களப்பங்கரைக்கு வந்து சேர்ந்தது.

பழக்குகிற விமானம் என்பதால் அதில் எல்லாமே இரண்டு. முன்னால் ஓர் ஆள் உட்காரக் குழி, பின்னால் ஓர் ஆள் உட்காரக் குழி. முன்னால் வாத்தியார், பின்னால் பழகுகிறவர். இரண்டு பேருக்கும் முழங்காலுக்கு நடுவில் ஒவ்வொரு கோல் நின்றது. இரண்டு கோலையும் அடியில் ஒரு குழாய் இணைத்திருந்தது. ஒன்றைச் சாய்த்தால் மற்றதும் அதே பக்கம் சாயும். பழகுகிறவன் பிழையாக இழுத்தால் வாத்தியார் தன் கோலைப் பிடித்துத் திருத்திவிடலாம்.

வாப்பாவுக்கும் பெரிய வாப்பாவுக்கும் இந்த நுட்பம் எதுவும் தேவைப்படவில்லை. அவர்களுக்கு வேண்டியது அதன் எஞ்சின். வாப்பா அதைத் தோணிக்குப் பூட்ட நினைத்தார். பெரிய வாப்பா புகையிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்க நினைத்தார். விடியற்காலையில் தோணிக்கு, பின்னேரம் தோட்டத்துக்கு என்று இரண்டு பேரும் ஒற்றுமையாக முடிவு செய்திருந்தார்கள். அந்த ஒற்றுமையை ஊரே மெச்சியது.

சிறகுகளைக் கழற்றி, இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டி, மேலே விமானத்தை ஏற்றினார்கள். நாலைந்து பேர் பிடித்ததும் அது பஞ்சு மாதிரி எழும்பிவிட்டது. மூக்கில் விசிறி இல்லை. அதை ஒரு துரை ஞாபகத்துக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று கேம்ப்பில் சொன்னார்களாம். “நானா, இதென்ன இவ்வளவு லேசு?” என்று வாப்பா கேட்டிருக்கிறார். “ஆகாசத்துல பறக்கிற சாமான் பாரமாவா இருக்கும்?” என்று பெரிய வாப்பா திருப்பிக் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் அது சரியாகவே பட்டது. களப்பின் நடுவில் வால் பக்கம் தாழத் தொடங்கியதும், தோணிக்காரப் புத்தியோடு மூக்குப் பக்கம் கல்லை ஏற்றிச் சமப்படுத்திக்கொண்டு வந்தார்கள்.

மறுநாள் காலை ஊர் கூடியிருக்க, எஞ்சினைக் கழற்றவென்று மூக்கின் தகர மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு கந்தல் துணியும் ஓர் ஓணானும் இருந்தன. ஓணான் எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனது.

“நீ திறந்து பாக்கலியா?” என்றார் பெரிய வாப்பா.

“நீங்க பாத்தீங்க எண்டுதானே நான் பாக்கல்ல.”

“நான் நீ பாத்த எண்டு நினச்சன்.”

அந்த இடத்தில் யாராவது சிரித்திருந்தால் எல்லாம் அந்தச் சிரிப்போடு முடிந்திருக்கும். ஆனால் பெரிய வாப்பாவுக்கு ஊருக்கு முன்னால் வெட்கமாகப் போய்விட்டது. “உன்ட தலையும் இப்பிடித்தான். மூடி மட்டும் இருக்கு” என்றார். “ரெண்டும் ஒரே உம்மா பெத்த தலதானே” என்றார் வாப்பா. மவுத்தாகிப் போன உம்மாவை இழுத்ததும் பெரிய வாப்பாவின் முகம் மாறிவிட்டது. அதன் பிறகு அவர்கள் பேசியதை எழுத முடியாது.

பாகப் பிரிவினை தொடங்கியது. தோணி எங்களுக்கு, தோட்டம் அவர்களுக்கு என்று ஆனது. விமானத்தைப் பிரிப்பதும் லேசாகத்தான் இருந்தது, எல்லாம் இரண்டிரண்டாக இருந்ததே. சிறகில் ஒரு சோடி எங்கள் ஆட்டுக் கொட்டிலுக்குக் கூரையானது, மற்றச் சோடி அவர்களுடைய கோழிக் கூட்டுக்குக் கூரையானது. தரையில் உருளும் சில்லில் ஆளுக்கொன்று. ஒற்றைச் சில்லு இரண்டு வீட்டுக்கும் உதவவில்லை, இருந்தாலும் நீதி நீதிதான். இரண்டு வீட்டுக்கும் பொதுவாகக் கிடந்த வளவில் தென்னோலைக் கிடுகு வேலி எழும்பியது. விமானத்தின் உடம்பு மட்டும் வேலிக்குக் குறுக்கே கிடந்தது. முன் குழி எங்கள் பக்கம், பின் குழி அவர்கள் பக்கம். வேலி அடித்தவர்கள் அந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டுப் போனார்கள்.

பெரிய வாப்பாவுக்கு ஒரு மகள் இருந்தாள். என்னைவிட மூத்தவள், நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ஒரே பாயில் படுத்து, ஒரே குர்ஆன் ஓதும் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்தவர்கள் நாங்கள். இனி அவளோடு ஒரு சொல் கதைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. அவளுக்கும் அதே உத்தரவு என்பது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போன அழகிலேயே தெரிந்தது.

ஒரு நாள் நான் முன் குழிக்குள் ஏறிக் கோலைப் பிடித்தபோது அது தானாக இடது பக்கம் சாய்ந்தது. நடுங்கிப்போய்ப் பின்னால் பார்த்தேன். பின் குழியில் ராத்தாவின் உச்சி தெரிந்தது. நான் வலது பக்கம் இழுத்தேன். அவள் இடது பக்கம் இழுத்தாள். அவள் பலசாலி. எப்போதும் அவள் பக்கம்தான் கோல் போகும். அன்றிலிருந்து தினமும் பின்னேரம் அதுதான் வேலை. ஒரு சொல் பேசாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், கை சிவக்கச் சிவக்க இழுப்போம். “அவளோட கதச்சியா?” என்று வாப்பா கேட்டால், “அல்லாஹ்மேல ஆணையா இல்ல வாப்பா” என்பேன். அது உண்மை. உம்மாவுக்கு விஷயம் தெரியும். பின்னேரமானால் அவ என்னை வேறு வேலைக்குக் கூப்பிடமாட்டா.

எனக்கு ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. ஒரு நாளாவது நான் வெல்ல வேண்டும்.

ஆடுகள் விமானத்துக்கு அடியால் புகுந்து தோட்டத்துப் பயிரைத் தின்னத் தொடங்கியதும் வேலியை முழுதாக அடைக்க வேண்டும், விமானத்தை நடுவால் அறுக்க வேண்டும் என்று பேச்சு வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து பள்ளிவாசல் மரைக்கார் சமாதானம் பேச வந்தார். விமானத்துக்கு இந்தப் பக்கம் வாப்பாவையும் அந்தப் பக்கம் பெரிய வாப்பாவையும் நிறுத்தினார்.

“அவன் இளையவன். அவன் முதல்ல ஸலாம் சொல்லட்டும்” என்றார் பெரிய வாப்பா.

“ஏசினது அவரு. அவரு முதல்ல கதைக்கட்டும்” என்றார் வாப்பா.

மரைக்கார் உம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். “அப்ப அறுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறுப்பதற்கு இரண்டு பேர் இழுக்கிற பெரிய ரம்ப வாள்தான் கிடைத்தது. கூலிக்கு ஆள் பிடிக்கலாம். ஆனால் மற்றவன் ஆள் தன் பக்கத்தைக் கூடுதலாக அறுத்துவிடுவான் என்று இரண்டு பேருக்கும் பயம். ஆகவே ஒரு நுனியை வாப்பாவும் மறு நுனியைப் பெரிய வாப்பாவும் பிடித்தார்கள். ஒருவர் இழுக்க ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் வாள் ஓடாது. சிறு வயதிலிருந்து சேர்ந்து வலை இழுத்தவர்கள் அல்லவா, ஒரு சொல் இல்லாமல் அழகாக அறுத்தார்கள். இந்தப் பக்கம் உம்மாவும் அந்தப் பக்கம் பெரியம்மாவும் முக்காட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

பாதி அறுத்ததும் பலகை பிளந்து வாள் துள்ளியது.

“நானா, கை!” என்று வாப்பா கத்திவிட்டார்.

பெரிய வாப்பா கையை எடுத்துக்கொண்டார். காயமில்லை. வாள் நின்றது. அவர் வாப்பாவைப் பார்த்தார், வாப்பா அவரைப் பார்த்தார். உம்மா “யா அல்லாஹ்” என்று மெதுவாகச் சொன்னா. அந்தப் பக்கம் பெரியம்மா ஓரடி முன்னால் வந்ததைக் கண்டேன். பெரிய வாப்பாவின் வாய் எதையோ சொல்லத் திறந்தது. பிறகு அவர் தொண்டையைச் செருமிக் காறித் துப்பிவிட்டு வாளைப் பிடித்தார். வாப்பாவும் பிடித்தார்.

அடியில் இருந்த இரும்புக் குழாய்தான் கடைசியில் தடுத்தது. அதை இரும்பு அறுக்கிற சின்ன வாளால் வாப்பா தனியாக அறுத்தார். நெடுநேரம் எடுத்தது. இரண்டு பாதிகளையும் இரண்டு பக்கம் இழுத்துவிட்டு, நடுவில் கம்பு நட்டு, அஸர் தொழுகைக்கு முன் கிடுகை அடித்து மூடிவிட்டார்கள்.

நான் எங்கள் பாதிக்குள் ஏறி உட்கார்ந்தேன். பயந்து பயந்துதான் கோலைத் தொட்டேன். வலது பக்கம் தள்ளினேன், போயிற்று. இன்னும் தள்ளினேன், விளிம்பு வரை போய் இடித்தது. பின்னால் இருந்து யாரும் இழுக்கவில்லை. எனக்குச் சந்தோஷம் பொங்கிக்கொண்டு வந்தது. கோலைப் பிடித்தபடியே எழும்பி நின்று, “உம்மா, நான் வெண்டுட்டேன்!” என்று கத்தினேன்.

அதே நேரம் வேலிக்கு அந்தப் பக்கமிருந்தும் ஒரு கூச்சல் வந்தது. “உம்மா, இஞ்ச பாருங்க, நான் வெண்டுட்டேன்!” என்று ராத்தா அவளுடைய உம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எங்கள் உம்மா முகத்தை மூடிக்கொண்டு குசினிக்குள் போனா. வென்ற பிள்ளையை ஒருவரும் ஏன் மெச்சவில்லை என்று எனக்குக் கோபமாக இருந்தது. நான் இன்னும் பலமாகக் கத்தினேன். அவளும் கத்தினாள்.