பீரோவில் பூட்டி வைத்த அட்டைகள்

என் அண்ணனுக்கு அறுபத்து மூன்று வயது. கோவளத்தில் எங்கள் தெருவில் அவருக்குப் பேச்சு வராது என்பார்கள். அது பாதிதான் சரி. வந்து நிற்கிற பஸ்ஸின் நம்பரையெல்லாம் தப்பில்லாமல் சொல்வார். டீ வேண்டுமென்றால் டம்ளரைக் கொண்டுவந்து என் கையில் வைப்பார். தன் உடம்புக்கு ஒன்று என்றால் மட்டும் சொல்லத் தெரியாது.

போன வருஷம் நான்கு நாள் சாப்பிடாமல் சுவரில் கன்னத்தை இடித்துக்கொண்டிருந்தார். நான் பயந்துபோய் தர்காவுக்கு அழைத்துப் போய் ஓத வைத்துக் கூட்டி வந்தேன். ஐந்தாம் நாள்தான் தெரிந்தது, கடைவாய்ப் பல்லில் சீழ். அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து வலித்தால்? எனக்கே ஏதாவது ஆகிவிட்டால்? யாரிடம் போய் என்னவென்று சொல்வார்?

பல் டாக்டர்தான் படூரில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் டீச்சரிடம் அனுப்பினார். அண்ணனுக்குப் பிறவியிலேயே ஆட்டிசம் என்று அந்தப் பெண் சொன்னது. எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். அந்த வார்த்தையை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

"இந்த வயசுல இன்னா டீச்சர் கத்துக்குவாரு?"

"நீங்க இந்த வயசுலதானக்கா போன் கத்துக்கிட்டீங்க?"

எங்கள் வீட்டு டம்ளரையே படம் எடுத்து, அண்ணனுக்கு அட்டை செய்து கொடுத்தது. டீ, தண்ணீர், வெளியே. கன்னத்தில் கை வைத்த முகம் என்றால் வலி. விரித்த கை என்றால் போதும். எனக்கும் ஒரு பாடம் வைத்தது: ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு மனசுக்குள் பத்து வரை எண்ண வேண்டும். அவர் பதிலை நான் சொல்லிவிடக் கூடாது. அறுபது வருஷமாக வீட்டில் எல்லோரும் அதைத்தான் செய்திருக்கிறோம்.

ஒரு மாதம் கழித்து டீச்சர் கேட்டது.

"அட்டைய வீட்ல எங்க மாட்டியிருக்கீங்க?"

"மாட்டறதா? கவர்ல சுத்தி, ரேஷன் கார்டோட பீரோல பூட்டி வெச்சிகீறேன் டீச்சர். இங்க வரப்ப மட்டும்தான் எடுப்பேன். தொலஞ்சிட்டா இன்னா பண்றது?"

டீச்சர் முதலில் சிரித்துவிட்டது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டது.

"அக்கா, அது அவரோட வாய். அதப் போய் பூட்டி வெச்சிட்டீங்களே."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் முகத்தைப் பார்க்கவே எனக்கு வெட்கமாக இருந்தது. அன்றைக்கே குடம் வைக்கும் இடத்துக்கு மேலே ஐந்து ஆணி அடித்து மாட்டினேன். பதினைந்து நாள் அவர் எதையும் எடுக்கவில்லை. கோணலாகத் தொங்கினால் நேராக்கிவிட்டுப் போவார், அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீன் ஆய்ந்துகொண்டிருந்தேன். முகத்துக்கு முன்னால் ஓர் அட்டை வந்தது. டீ கேட்கிறார் என்று நினைத்து நிமிர்ந்தால், கன்னத்தில் கை வைத்த முகம். மீனை அப்படியே போட்டுவிட்டேன்.

"பல்லா அண்ணா? வயிறா? தல சுத்துதா? நெஞ்சு வலிக்குதா, நெஞ்சு?"

முகத்தைத் திருப்பிக்கொண்டார். அப்போதுதான் டீச்சர் சொன்னது ஞாபகம் வந்தது. "எங்கண்ணா?" என்று ஒரே தடவை கேட்டுவிட்டு, செதில் ஒட்டிய கையோடு எண்ண ஆரம்பித்தேன். ஐந்துக்கு மேல் போவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. எட்டில் அவர் தரையில் உட்கார்ந்தார். வலது காலைத் தூக்கி என் மடியில் வைத்தார்.

குதிகாலில் ஒரு கருவேல முள்.

கையைக் கழுவிவிட்டு ஊக்கால் எடுத்தேன். வந்துவிட்டது. ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை.

"இன்னும் வலிக்குதா? உள்ள ஒடஞ்சி கீதா? சீழ் வெக்குமா? ஆஸ்பத்திரிக்குப் போயி ஒரு ஊசி போட்டுகினு வந்துடலாமா அண்ணா?"

அண்ணன் எழுந்து போய் அந்த அட்டையை அதன் ஆணியில் மாட்டினார். கோணல் இல்லாமல் சரிபார்த்தார். பக்கத்து ஆணியிலிருந்து இன்னொன்றை எடுத்துவந்து என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

விரித்த கை.

நான் வாயை மூடிக்கொண்டு மீனைக் கழுவப் போனேன்.