மேரி சிஸ்டர் மகள்

ஓமான் நாட்டு சலாலாவில் நர்ஸ் வேலை பார்க்கும் புஷ்பமேரியின் மகள் ஜெஸிக்கு இரண்டு இடத்தில் சீட் கிடைத்திருந்தது. ஒன்று சென்னையில் ஒரு பெரிய பல்கலைக்கழகம். இன்னொன்று நாகர்கோவில் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் சின்னக் கல்லூரி.

“சின்னதுதான் மக்களே நல்லது. ஒரு நேரம் நீ சாப்பிடலேன்னாலும் சிஸ்டர்மாருக்குத் தெரிஞ்சிரும்” என்றாள் புஷ்பமேரி மகளிடம்.

“அதனாலதாம்மா வேண்டாங்கேன். இங்க சலாலாவுல நான் ஒரு ஐஸ்கிரீம் தின்னாக்கூட, நீ டியூட்டி முடியுறதுக்குள்ள சேதி வந்திருது. எல்லாருக்கும் நான் மேரி சிஸ்டர் மகள்!”

புஷ்பமேரிக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்ததென்னவோ பழைய நினைப்பு. சொந்த ஊரான முட்டத்தில் அவள் தெருமுனை திரும்பினாலே சர்ச் பங்குச்சாமி வரைக்கும் சேதி போய்விடும். சலாலாவுக்கு வந்து கிடைத்த முதல் லீவில் தனியாகக் கடற்கரைக்குப் போனாள். யார் மகள், எங்கே போகிறாய் என்று கேட்க ஒருவரும் இல்லை. முடியை அவிழ்த்துவிட்டு, இளநீர் குடித்தபடி இருட்டும்வரை நடந்தாள். அப்படியொரு சந்தோஷம் பிறகு வாய்க்கவே இல்லை.

“சரி, சென்னைக்கே போ. ஆனா தினமும் போன் பண்ணணும்.”

“தினமுமா? வாரத்துக்கு ஒருக்கா.”

“தினமும்தாம்ட்டி! எங்க போனேன்னு கேக்க மாட்டேன். சாப்பிட்டியான்னு மட்டும் கேப்பேன்.”