நிற்கத் தெரியாதவள்

கடலூரில் நான் ஆசிரியராக இருந்த பள்ளிக்கு, பாகிஸ்தான் சண்டை முடிந்த மறு ஆண்டு, ஒரு பர்மியப் பெண் ஆயாவாக வந்தாள். அவள் கணவர் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். ரங்கூனில் கடை வைத்திருந்தவர். அங்கே கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் மனைவியோடும் கைக்குழந்தையோடும் கப்பலேறி வந்துவிட்டார். இங்கே அவருக்கு வேலை கிடைக்கவில்லை. அவளுடைய சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சுதந்திர தினத்தன்று கொடி ஏறி, தேசிய கீதம் தொடங்கியதும், கடைசி வரிசையில் நின்றிருந்த அவள் மண்ணில் மண்டியிட்டுக் கைகூப்பினாள்.

"மயக்கம் போட்டுடுச்சா, பாருய்யா," என்றார் டிரில் மாஸ்டர், பாட்டு முடிந்ததும்.

"மயக்கம் இல்ல, திமிரு," என்றேன், எல்லோர் காதிலும் விழும்படி. "கொடிக்கு நிக்காதவுங்களுக்கு இந்த நாட்டுச் சோறு மட்டும் வேணுமா?"

"குடிமையியல் வாத்தியாரு சொல்லிட்டாருப்பா," என்று ஒருவர் சிரித்தார்.

யாருக்கு நாட்டுப்பற்று இருக்கிறது என்று ஒருவரை ஒருவர் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தச் சிரிப்பு எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலையில் அவள் கணவர் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், அவுங்க ஊர்ல சாமி, குரு, பெத்தவுங்க முன்னாடி நிக்க மாட்டாங்க. நின்னா மரியாதை இல்லன்னு நெனைப்பாங்க. கொடியப் பெருசா நெனைச்சுதான் மண்டி போட்டுட்டா. அடுத்த தடவ நிக்க வச்சிடறேன். எட்மாஸ்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க சார்."

அவர் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. எங்களில் யாரும் அந்தக் கொடியை அவ்வளவு பெரிதாக நினைத்ததில்லை என்பதும் புரிந்தது. இதை என் மனைவியிடம்கூட நான் சொன்னதில்லை. ஆனால் அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டேனே. மறுநாள் தலைமையாசிரியர் கேட்டபோது, "இவுங்கள வச்சிக்கிட்டு பிள்ளைங்களுக்கு நாம என்னா சொல்லிக் குடுக்கறது, சார்?" என்றேன். அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த குடியரசு தினத்தன்று உறவினர் வீட்டுத் திருமணத்துக்குச் சிதம்பரம் போயிருந்தேன். கீழவீதிக்கு அருகே ஒரு பள்ளி வாசலில் அவள் கொய்யாக் கூடையோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அந்தக் குழந்தை, மூன்று வயது இருக்கும். பள்ளிக்குள் தேசிய கீதம் தொடங்கியது. அவள் சட்டென்று எழுந்து விறைப்பாக நின்றாள். குழந்தை மண்டியிட்டுக் கைகூப்பியது. அவள் அதன் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கி, கன்னத்தில் அறைந்தாள்.

"நில்லு," என்றாள். அவள் தமிழ் பேசி நான் கேட்டது அந்த ஒரு சொல்தான்.

குழந்தை நின்றுகொண்டே அழுதது. எதிர்ப்பக்கத்தில் நான், கைகளைத் தொடையோடு ஒட்டி வைத்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை அசையாமல் நின்றேன். முடிந்ததும் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தேன்.