கார்த்திக்குப் போட்ட பந்து

கார்த்தியோட தோள்பட்டை எலும்ப ஒடச்சது நான்தாங்க. என் கை அவன் மேல படவே இல்ல... ஆனா நான்தான்!

சிரிக்காதீங்க. நான் எது சொன்னாலும் ஊர்ல சிரிக்கிறாங்க. ஒன்பதாவதோட பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிட்டு, ஸ்ரீரங்கத்துல வீடு வீடா தண்ணி கேன் போடுறவன் நான். போற வர்றவங்கள வம்புக்கு இழுக்கறதுதான் பொழுதுபோக்கு. இத மட்டும் நெசமாச் சொல்றேன்.

எங்க தெரு வரதண்ணா துவாக்குடியில இன்ஜினியரிங் படிச்சாரு. ரெண்டு பக்கமும் கூரா ஒரு பந்து கொண்டாந்தாரு. அமெரிக்காக்காரன் ஃபுட்பாலாம். காலால ஒதைக்கிறது கம்மி, கையில புடிச்சுக்கிட்டு ஓடுறதுதான் ஜாஸ்தி! ஞாயித்துக்கெழம காலையில கொள்ளிடம் மணல்ல ஆடுவோம். பனி எறங்கியிருக்கும். தூரத்துல கோபுரம் அடி தெரியாம அந்தரத்துல நிக்கும். ஓடுறப்ப கால் தரையில படுற மாதிரியே இருக்காது...

அதுல ஆப்ஷன்னு ஒரு ஆட்டம். எதிராளிங்கள நம்ம பசங்க மறிச்சுப்பாங்க, ஒருத்தர மட்டும் வேணும்னே விட்டுடுவாங்க. நான் பந்தோட நேரா அவர்கிட்ட ஓடணும். எனக்குப் பக்கத்துல, கொஞ்சம் பின்னால தள்ளி கார்த்தி ஓடி வருவான். அவர் என் மேல பாஞ்சா, பந்த கார்த்திக்குத் தூக்கிப் போடணும். கார்த்தி பக்கம் போனா, நானே வச்சுக்கிட்டு உள்பக்கமா ஓடிடணும். பாவம், அவர் எதப் பண்ணாலும் தப்பாப் போயிடும்! என் குணத்துக்குன்னே செஞ்ச ஆட்டம், இல்லையா?

அன்னைக்கு மறிக்காம விட்ட ஆளு வரதண்ணா.

கார்த்தி எடமலைப்பட்டி புதூர்க்காரன், என் உயிர் சிநேகிதன். போலீஸ் வேலைக்குப் பரீட்சை பாஸ் பண்ணிட்டான். ஓட்டம், கயிறு ஏறுறது மட்டும் பாக்கி. ஆட்டத்துக்கு முன்னாடி, "யூனிஃபார்ம் போட்ட அன்னைக்கு உன்னத்தான்டா மொதல்ல ஜீப்புல ஏத்துவேன்"னான்.

"ஏத்துங்க ஏட்டையா! அப்படியே ஒரு டீயும் வாங்கிக் குடுங்க"ன்னேன்.

பந்து கைக்கு வந்துச்சு. ஓடினேன். எதுக்க வந்த வரதண்ணா ஒரு நொடி தயங்கி, கார்த்தி பக்கமாத் திரும்பிட்டாரு. பாத்தேன். நல்லாப் பாத்தேன்! எனக்கு முன்னால மணல் காலியாக் கெடந்துச்சு.

ஏட்டையா கொஞ்சம் மண்ணு திங்கட்டுமேன்னு தோணுச்சு.

போட்டுட்டேன்.

பந்து பனிக்குள்ள மெதுவா... மெதுவா சுத்திக்கிட்டே போச்சு. கார்த்தி சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் நீட்டினான். கண்ணு பந்து மேலதான். வர்ற ஆளப் பாக்கவே இல்ல. அந்தப் பந்து இன்னும் எறங்கின பாடில்லங்க. கண்ண மூடினா மேலயேதான் நிக்குது...

வெறும் வெளையாட்டுதானா? இல்ல, அவன் காக்கி போட்டுக்கிட்டுப் போயிடுவான், நான் கேனத் தூக்கிக்கிட்டே கெடப்பேன்னு உள்ளுக்குள்ள ஏதாச்சும்...? தெரியல. சத்தியமாத் தெரியல!

கார்த்தி மேல மோதி விழுந்த வரதண்ணா ஆசுபத்திரி வாசல்ல கேட்டாரு: "ஏன்டா விக்கி, நான் அவன் பக்கம்தானே திரும்பினேன்? அப்புறம் ஏன்டா போட்ட?"

"இல்லண்ணா, என் மேலதான் வந்தீங்க. போட்டப்புறம்தான் திரும்பினீங்க."

"அப்படியா... எனக்குத்தான் நிதானம் இல்ல போலருக்கு"ன்னாரு. அவர் கண்ணால பாத்ததையே பொய்யாக்கிட்டேன்!

கயிறு ஏற வேண்டிய அன்னைக்கு கார்த்தியோட வலது கை கழுத்துல கட்டித் தொங்கிட்டிருந்துச்சு. இப்போ சத்திரம் பஸ் ஸ்டாண்டுகிட்ட ஒரு செல்போன் கடையில நிக்கிறான். மேல் அலமாரியில ஏதாச்சும் எடுக்கணும்னா ஸ்டூல் போட்டு எடது கையால எடுக்குறான். வரதண்ணா வேலை கெடச்சு வெளியூர் போயிட்டாரு. ஊருக்கு வந்தா மொதல்ல அந்தக் கடைக்குத்தான் போறாரு. மன்னிப்புக் கேக்குற மாதிரியே ஒரு சிரிப்பு.

போன ஞாயித்துக்கெழம கொள்ளிடத்துல புதுப் பசங்களுக்கு கார்த்தி இந்த ஆட்டத்தச் சொல்லிக் குடுத்துட்டிருந்தான்.

"பக்கத்துல ஓடுறவன் எதையும் யோசிக்கக் கூடாதுடா. பந்து வச்சிருக்கவன் பாத்துப்பான். இதோ நிக்கிறானே விக்கி... இவன நம்பி நான் ஓடின மாதிரி ஓடணும்."

பசங்க எல்லாரும் என்னத் திரும்பிப் பாத்தாங்க.

"ஆமாடா"ன்னு தலையாட்டினேன்.